ஆறாவது சட்டை

செந்தூல், கோலாலம்பூர்
18-5-1957

கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மாதிரிச் சட்டைகள் வந்து சேர்ந்தன. சங்கத்து முகவரிக்கு வந்ததால் சங்கத்திலேயே பிரித்தோம். நான், தலைவி சாரதாம்பாள், இன்னும் இரண்டு பேர் இருந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாத்தனார் தைத்தது என்பதற்காக நான் ஓட்டுப் போடப் போவதில்லை. சுதந்திரம் வருகிற மெர்டேக்கா வாரத்தில் இங்கே ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கள் தாய்சேய் நலச் சங்கம் ஒரு சட்டை போட்டு அனுப்பப் போகிறது. போன தீபாவளிக்கு ஒரு கடையை நம்பி வாங்கிக் கொடுத்தோம். சாயம் ஓடி, பிள்ளைகளின் கழுத்தெல்லாம் கொப்புளம். தாய்மார்கள் சங்கத்து வாசலில் நின்று கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஆகையால் இந்த முறை யார் தைக்கிறார்கள், என்ன கூலி, துணி எங்கே வாங்கியது, சாயம் ஏது, எல்லாம் விசாரித்துத்தான் முடிவு. சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றும் அழகான பெட்டியில் மாதிரி அனுப்பியிருக்கிறது. அவர்களுக்கும் இதே கேள்விகள் போயிருக்கின்றன.

இப்போது என் சந்தேகம். பார்சலில் ஆறு சட்டைகள் இருந்தன. ஐந்தில் உன் 'தொட்டில் மார்க்' பட்டி தைத்திருக்கிறது. ஆறாவதில் பட்டி இல்லை. மற்ற ஐந்தும் மெதுவாக இருக்கின்றன, சரி. ஆறாவது மெதுவாக இல்லை, நைந்தே இருக்கிறது. புதுத்துணி எத்தனை துவைத்தாலும் இப்படி ஆகாது. சாரதாம்பாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரோ கட்டின துணி மாதிரி இருக்கே கமலவேணி" என்றாள்.

நீ சொல்.

கமலவேணி


காஜா பெராங், மலாக்கா
24-5-1957

அண்ணிக்கு வணக்கம்.

அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு உங்கள் கையெழுத்தில் வந்த முதல் கடிதம். ஏதோ நல்ல சேதி என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பிரித்தேன். கோர்ட்டுச் சம்மன் மாதிரி இருந்தது. பரவாயில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

தைப்பது மூன்று பேர். நான், ஹலீமா, சந்திரமதி. ஹலீமா ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் படுக்கையில். சந்திரமதி புருஷனோடு பிணங்கிக்கொண்டு வந்தவள். யாரையும் விளக்கு வைத்த பிறகு தைக்க விடுவதில்லை, கண் போய்விடும். கூலி உருப்படிக் கணக்கு. எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள், நான் சொன்னால் நம்பப்போகிறீர்களா? துணி ஜாலான் பெண்டஹாராவில் காதர் மைதீன் சாயபு கடையில் எடுக்கிற மல். சாயமே கிடையாது, வெள்ளைதான். பிள்ளை சட்டைக் கழுத்தைச் சப்பும் என்று எங்களுக்கும் தெரியும். பொத்தான் வைப்பதில்லை, விழுங்கிவிடும் என்று நாடா. கீழே அகலமாக மடித்திருக்கிறோம், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டால் இரண்டு வயது வரை வரும். அப்புறம் தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும். வெட்டுத்துண்டுகூட வீணில்லை, தலையணைக்குள் போகிறது. சிங்கப்பூர்க் கம்பெனியை இதெல்லாம் கேட்டுப் பாருங்கள்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம், வெட்டும் முன்னால் துணியை எங்கள் டோபி மருதமுத்து வெள்ளாவி வைத்து, புல்லில் காயப்போட்டு, திரும்ப வைத்து, திரும்பக் காயப்போடுகிறார். கஞ்சி ஒரு சொட்டு மிஞ்சாது.

அந்த ஆறாவதை விட்டுவிடுங்கள். அது மாதிரிக்கு வந்ததில்லை, தவறிப்போய் உள்ளே வந்துவிட்டது. சங்கத்தில் வைக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பீரோவில் வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம்.

கண்ணம்மா


செந்தூல்
2-6-1957

கண்ணம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கூலி, நாடா, மடிப்பு, வெட்டுத்துண்டு, எல்லாவற்றுக்கும் வளவளவென்று பதில் இருக்கிறது. கேட்ட ஒன்றுக்கு மட்டும் இல்லை.

தவறிப்போய் வந்தது என்கிறாய். சரி. தவறிப்போய் வந்ததை ஏன் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை? ஏன் என் வீட்டுப் பீரோவில் வைக்கச் சொல்கிறாய்? ஏன் யாருக்கும் காட்டக் கூடாது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒன்றில் பழந்துணி என்றால் நாளை நூற்றில் எத்தனை பழந்துணி இருக்கும் என்று நான் எப்படி அறிவேன்?

இன்னொன்று. என் உடம்பைப் பற்றி உனக்கு என்ன திடீர் அக்கறை? மாடிப்படி ஏறாதே என்று எழுத உனக்கு யார் என்ன சொன்னார்கள்? நீ முன்னே ஒரு தரம் எனக்கு அனுப்பிய பார்சலை நான் மறக்கவில்லை. அது போதும், அதற்குமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

நீ நியாயஸ்தி என்றால் ஒன்று செய். ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத பிள்ளையார் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே போய், 'என் சட்டைகள் எல்லாம் புதுத்துணி' என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு எனக்கு எழுது. நான் சங்கத்தில் வாயை மூடிக்கொண்டு உனக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

கமலவேணி


காஜா பெராங்
9-6-1957

அண்ணிக்கு,

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். வேறென்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை போனேன். ஹலீமா கூட வந்து கோயில் வாசலில் நின்றாள், "நீ போய்ட்டு வாக்கா, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்" என்று. அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சூடம் ஏற்றினேன். 'தொட்டில் மார்க் பட்டி தைத்த ஐந்தும் புதுத்துணி, சாயபு கடையில் வாங்கியது, டோபி வெளுத்தது, தையலில் மூன்று பேர் கையைத் தவிர வேறு கை படாதது' என்று சத்தியம் செய்தேன். அணைத்தேன். உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

ஆறாவதுக்குச் செய்யவில்லை. செய்ய முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லவும் முடியாது, பொய் சொல்லவும் முடியாது. செப்டம்பர் வரைக்கும் பொறுங்கள், அதற்கு அப்புறம் நானே சொல்கிறேன். செப்டம்பர் வரைக்கும் அதைப் பத்திரமாக வையுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

இந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். இது வந்தால் ஹலீமாவும் சந்திரமதியும் ஒரு வருஷம் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். வராவிட்டால் இந்த மிஷின்களை மூடி வைத்துவிட்டு ஆளுக்கொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். ஒரு சட்டையை வைத்து மூன்று பேர் வாயில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

அண்ணன் வெளியூரிலிருந்து வந்துவிட்டாரா?

கண்ணம்மா


செந்தூல்
20-6-1957

கண்ணம்மாவுக்கு,

உன் அண்ணன் வரவில்லை. ஈப்போ ரயில் வண்டியில் கார்டு வேலை, ஆள் குறைவு என்று அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். வந்திருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறக்க நான் விட்டிருக்க மாட்டேன்.

ஐந்துக்குச் சத்தியம், ஆறாவதுக்கு இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளை சொல்லிவிடும்.

நேற்று சங்கத்தில் அந்தச் சட்டையைப் பிளேடால் பிரித்தேன். கை தனி, முன்பக்கம் தனி, முதுகு தனி. ஒவ்வொரு தையலாகப் பிரித்துத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அக்குள் மடிப்புக்குள் இருந்தது. சேங்கொட்டை மையில் ஒரு கோடு, பக்கத்தில் மூன்று புள்ளி. டோபிக் குறி.

சாரதாம்பாள், "வெட்டும் முன்னாடி வெளுக்கப் போட்டாங்கன்னு சொன்னாளே, அப்பப் போட்ட குறியா இருக்கும்" என்றாள். பாவம், உனக்காகப் பேசினாள். நான் அவள் மாதிரி விட்டுவிடவில்லை. மற்ற ஐந்திலும் அந்த மாதிரி குறி இல்லை. அதைவிட, அந்தக் குறி எனக்குத் தெரியும். காஜா பெராங் வீட்டில் மருமகளாக இருந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மருதமுத்துவிடம் அழுக்குத் துணி எண்ணிப் போட்டது நான்தான். ஒரு கோடு மூன்று புள்ளி நம் வீட்டுக் குறி. மலாக்காவில் வேறு எந்த வீட்டுக்கும் அது கிடையாது.

நம் வீட்டில் வெள்ளை மல் வேட்டி கட்டியது ஒரே ஆள். உன் அப்பா. என் மாமா. தை மாதம் செத்துப்போனார். பதினாறாம் நாள் அவர் துணிமணிகளை முறைப்படி டோபிக்குக் கொடுத்தோம், நானும் இருந்தேன், என் கையாலேயே மூட்டை கட்டினேன். செத்தவர் துணியை டோபியிடமிருந்து வாங்கி, வெட்டி, பிறந்த பிள்ளைக்குச் சட்டை என்று விற்கிறாய். துணி சும்மா கிடைத்ததா, அரைவிலைக்குக் கிடைத்ததா? பெற்ற அப்பனின் வேட்டியை.

என் வாயால் எழுதவே கூசுகிறது. என் பிள்ளைகள் இரண்டும் போனதற்கு உன் கண்தான் காரணம் என்று என் அம்மா சொன்னபோது நான் கொஞ்சம் உன் பக்கம்தான் பேசினேன். பிறக்கும் முன்னாலேயே துணி தைத்து அனுப்பினாளே, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னபோதும் பேசாமல்தான் இருந்தேன். இப்போது தோன்றுகிறது, அவர்கள் சொன்னது சரியோ என்று.

சங்கம் சிங்கப்பூர்க் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

கமலவேணி


காஜா பெராங்
27-6-1957

அண்ணி,

செப்டம்பர் வரை பொறுங்கள் என்றேன். பொறுக்கவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். வாய் திறந்து சொல்லக் கூடாததைச் சொல்ல வைத்துவிட்டீர்கள். தோஷம் வந்தால் என் தலையில் வரட்டும்.

அந்தச் சட்டை உங்கள் பிள்ளைக்கு.

அண்ணன் சித்திரை மாதம் எனக்கு எழுதினார். உங்களுக்குத் தெரியாமல்தான் எழுதினார். 'மூணாவதும்மா, அஞ்சாம் மாசம். கமலா உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா. எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நீ ஏதாவது செய்யேன்' என்று. நான் என்ன செய்ய முடியும்? போன தரம் ஆசை ஆசையாக ஆறு சட்டை தைத்து, எம்பிராய்டரி போட்டு, பிறக்கும் முன்னாலேயே அனுப்பிப் பட்டது போதாதா? அந்தப் பிள்ளை போனதும் சாவு வீட்டில் உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என் பக்கம் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கேட்கவில்லை.

அப்பாவுடையது கலியாணச் சாவு. எண்பத்தெட்டு வயது, அக்காமார் வழியில் பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். அவர் மேல் போர்த்திய துணியில் தெருக்காரர்கள் ஆளுக்கொரு கிழிசல் கிழித்துப்போய்த் தங்கள் பிள்ளைகள் இடுப்பில் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அவர் ஆயுசு வரட்டும் என்று. செட்டியார் வீட்டு அம்மாகூட வந்து வாங்கிப்போனார். நம் வீட்டில் கட்டத்தான் பிள்ளை இல்லை.

அண்ணன் கடிதம் வந்ததும் மருதமுத்து வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அப்பா கோயிலுக்குக் கட்டுவாரே அந்த வேட்டி இருக்கா?" என்றேன். விற்காமல் வைத்திருந்தார். "ஐயா துணிய எப்படிம்மா விக்க மனசு வரும்" என்றார். புது வேட்டி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிவந்தேன். அது பாடையில் போட்ட துணி இல்லை அண்ணி. உயிரோடு இருக்கும்போது கட்டியது.

பிறக்காத பிள்ளைக்குத் துணி அனுப்பக் கூடாது. அனுப்பிப் பட்டவள் நான். அதனால் உங்கள் பெயருக்கு அனுப்பவில்லை, உங்கள் பிள்ளைக்கு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, பட்டி தைக்கவில்லை. சங்கத்து மாதிரிகளுக்கு நடுவே யாருடையதும் இல்லாத மாதிரி செருகிவிட்டேன். பார்சல் வந்ததும் அண்ணன் சங்கத்துக்குப் போய் அதை மட்டும் எடுத்துவந்து பீரோவில் வைத்து, பிள்ளை பிறந்த பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்து அவரை ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். சத்தியம் செய்யச் சொன்னீர்களே, அதற்கு எப்படிச் செய்வது? புதுத்துணி என்றால் பொய். பழந்துணி என்றால், யாருக்கு என்று அடுத்த கேள்வி.

குறி இருந்த இடத்தை வெட்டி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை. நம் வீட்டுக் குறி. உள்ளே மடித்துத் தைத்தேன்.

ஆர்டர் போனது போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணம்மா


காஜா பெராங்
13-8-1957

அண்ணிக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஊரெல்லாம் கொடி விற்கிறார்கள். ஜாலான் பெண்டஹாரா முழுக்கத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதர் மைதீன் சாயபு, "கொடி தைக்கிறியாம்மா, துணி நான் தர்றேன்" என்றார். நானும் ஹலீமாவும் தைக்கிறோம். சந்திரமதி நிற்கவில்லை, ஒரு டாக்டர் வீட்டில் சமையலுக்குப் போய்விட்டாள். போகும்போது, "எங்க துணியில என்னக்கா குத்தம் கண்டாங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பிரித்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தரை துடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். சங்கத்தில் கிடந்தால் எடுத்து ஒரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால் செலவு நான் கொடுக்கிறேன். அது அப்பா வேட்டி.

கண்ணம்மா


செந்தூல்
22-9-1957

கண்ணம்மா,

பெண் பிள்ளை. மெர்டேக்கா கழிந்து நாலு நாள் ஆகிப் பிறந்தாள். மூக்கு மாமாவுடையது. அழுவது உன் அண்ணன் மாதிரி, சத்தமே வராது, உதடு மட்டும் பிதுங்கும். இருக்கிறாள். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. பால் குடித்துவிட்டு இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று எழுதும் நடுவே நான் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்த அன்றே சங்கத்துக்குப் போனேன். துண்டுகள் அலமாரிக்குள் காகிதத்தில் சுற்றிக் கிடந்தன. சாட்சி என்று நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன். வீட்டுக்கு எடுத்துவந்தேன். உனக்குப் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். என்ன எழுதுவது? என் பிள்ளைக்கு வந்ததை நானே பிளேடால் அறுத்தேன் என்றா? அதுவே ஒரு சகுனமோ என்று பயந்துகொண்டிருந்தேன், கண்ணம்மா. பிள்ளை கையில் வரும் வரைக்கும் அந்தக் காகிதத்தைப் பிரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றைக்கு உன் பக்கம் பேசியதாக எழுதினேன். உனக்குக் கேட்டிருக்காது. மனசுக்குள் பேசினேன். அது பேசியதில் சேர்த்தியில்லை.

சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாரதாம்பாள், "முதல்லயே சொல்லியிருக்கலாமே அவ" என்றாள். "பிறக்காத பிள்ளையப் பத்தி யாருதான் சொல்லுவா?" என்றேன். அவள் மூன்று பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஆர்டர் கொடுத்தது கொடுத்ததுதான், திருப்ப முடியாது. பொங்கலுக்கு அனாதை விடுதிப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப்போகிறார்கள். சாரதாம்பாள் நேரிலேயே வந்து உன் தையல் அறையையும், காதர் மைதீன் கடைத் துணியையும், மருதமுத்துவின் வெள்ளாவியையும் பார்ப்பாள். நான் உனக்காகப் பரிந்து பேச மாட்டேன். சங்கத்து மாதிரிக்குள் வீட்டுக் காரியத்தை ஒளித்து வைத்தது தப்பு. அது யாருக்காக என்றாலும் தப்புதான். நாளைக்கு வேறு ஒருத்தி அப்படிச் செய்தால் நான் இதே பிளேடை எடுப்பேன். ஆனால் சந்திரமதியிடம், குற்றம் துணியில் இல்லை, பார்த்தவள் கண்ணில் இருந்தது என்று நான் எழுதியதாகச் சொல்.

துண்டுகளை நீ கேட்டாய். அனுப்பவில்லை. எனக்குத் தையல் வராது என்று உனக்குத் தெரியும். மாமா ஒரு தரம் என் கிழிந்த ரவிக்கையை நான் தைத்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாய்க்கால் வெட்டியிருக்கியே" என்று சிரித்தார். அதே வாய்க்கால்தான் இப்போதும். பிரசவம் ஆகி உட்கார முடிந்ததும் ஊசியை எடுத்தேன். கை இரண்டும் ஒரே அளவாக இல்லை. கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது. குறி இருந்த துண்டை உள்ளே மடிக்கவில்லை. வெளியே, தோளில் தெரிகிறமாதிரி வைத்துத் தைத்தேன். ஒரு கோடு, மூன்று புள்ளி. எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

நேற்றுப் போட்டேன். போட்டதும் தூங்கிப்போனாள்.

இது இன்னும் இரண்டு மாதத்தில் பற்றாமல் போகும். நீ வைக்கிற மாதிரி மடிப்பு வைக்க எனக்குத் தெரியவில்லை. மாமாவின் வேட்டியில் மிச்சம் இருக்கும், எனக்குத் தெரியும், நீ எதையும் வீணாக்குகிறவள் இல்லை. பெரிய அளவாக ஒன்று தை. பார்சலில் அவள் பெயரையே எழுது. பெயர் லலிதாம்பாள்.

பிள்ளை பிறந்துவிட்டாள். இனி அனுப்பலாம்.

உன் அண்ணி
கமலவேணி